பலா மரத்தில் ஒரு விசுப்பலகை: பசையும் திருகும் போதாதா?

கேள்வி, 14 ஜனவரி 2024

நண்பர்களுக்கு மர பெஞ்ச் செய்து தரப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதுவும் பலா மரத்தில். பலா மட்டமான மரம், விறகுக்குத்தான் ஆகும். அதில் துளை அடித்து, நாக்கு இறக்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது வீண்வேலை. நாலு கால், ஒரு பலகை. ஃபெவிகால் தடவி நீளத் திருகாக நாலு ஏற்றினால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. இந்தக் காலத்துப் பசை மரத்தை விடப் பலம். இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

15 ஜனவரி 2024

நான் சொல்கிறேன். ஆனால் பாதிக்குத்தான் இல்லை.

இரண்டு பலகையை நீளவாக்கில் விளிம்போடு விளிம்பு ஒட்டும்போது நீங்கள் சொல்வது உண்மை. விளிம்பு இரண்டையும் இடைவெளி தெரியாமல் இழைத்து ஒட்டிவிட்டு, காய்ந்த பிறகு உடைத்துப் பாருங்கள். பசைக் கோடு நிற்கும், பக்கத்து மரம்தான் பிளக்கும். காலின் தலைப்பக்கம் அப்படி இல்லை. அது வெட்டுமுனை. அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முகம். நார் எல்லாம் செங்குத்தாக நின்று பசையை உறிஞ்சிவிடும், ஒட்டுவதற்கு மேலே மிச்சம் இருக்காது. திருகும் அங்கே நாரை அறுத்துக்கொண்டுதான் ஏறும். ஆள் உட்கார்ந்து எழுந்து, நகர்ந்து, சாய்ந்து பழகப் பழக அது கழன்று வரும்.

பலா மட்டம் என்பதைத் தஞ்சாவூரில் இருந்துகொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. இங்கே வீணை கடைவது பலாவில். மிருதங்கக் கட்டையும் பலா, அதற்குப் பண்ருட்டிக்குத் தனிப் பெயர் உண்டு. வைரம் பாய்ந்த பலாவைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. பழத்துக்காக வளர்க்கிற மரம் என்பதால் தேக்கு, வேங்கை வரிசையில் அதை யாரும் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதே நாள், இரவு

மரம் எங்கே கிடைத்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கடையில் வாங்கியது இல்லை. என்னோடு படித்த இருவர், பின்னால் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் இருக்கிறார்கள். அவளுடைய அப்பாவுக்குக் கீரமங்கலம் பக்கம் தோப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் தென்னையோடு பலாவும் சாய்ந்தது. நிவாரணத்துக்கு என்று தென்னையை வந்து எண்ணிக்கொண்டு போனார்கள். பலா யார் கணக்கிலும் வரவில்லை என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

விறகுக்குக் கேட்டு ஆள் வந்ததாம். அவர் கொடுக்கவில்லை. அறுவை மில்லுக்கு ஏற்றி, 2 அங்குலப் பலகையாகப் போட்டுக்கொண்டு வந்து மாட்டுக்கொட்டகையில் அடுக்கிவிட்டார். அடுக்கிய விதம்தான் அழகு: ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ரீப்பர் துண்டு, காற்றோட்டத்துக்கு, முனைகளில் சாணம், வெடிக்காமல் இருக்க. வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அங்கே வேகத்தைக் குறைக்காவிட்டால் பலகையின் இரண்டு பக்கமும் அரை அடி வெடிப்பு விழும். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, "வண்டிப் பட்டறையில பாத்ததுதான் தம்பி" என்றார்.

அங்குலத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இது 2 அங்குலம், ஐந்து வருஷத்துக்கு மேல் காய்ந்தது. அங்கே போனபோது ஈரமானியை வைத்துப் பார்த்தேன், 13 சதவீதம் காட்டியது. மழைக்காலம் இப்போதுதான் முடிந்திருக்கிறது, அதற்கு இது நல்ல அளவு.

21 ஜனவரி 2024

மில்லில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் கணக்கோடு வந்திருக்கிறார். உருளையின் கனஅளவு சூத்திரம் போட்டுப் பார்த்தால் அறுவை மில் ரசீதில் கட்டைக்குப் போட்டிருக்கும் அளவை விட அதிகம் வருகிறதாம்.

ஏமாற்றவில்லை ஐயா. உருட்டுக் கட்டையை அளக்கும் முறையே வேறு. சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்று 60 அங்குலம், நீளம் 6 அடி என்று வையுங்கள். கால்பங்கு 15. 15 பெருக்கல் 15 பெருக்கல் 6, வகுத்தல் 144. சுமார் 9.4 கன அடி. உங்கள் பை (π) கணக்கில் 11.9 வரும். விட்டுப்போன ஐந்தில் ஒரு பங்கு சொச்சம், சதுரமாக அறுக்கும்போது கழிந்துபோகும் சிராம்புக்கும் பட்டைக்கும் என்று ஆதிகாலத்திலேயே ஒத்துக்கொண்ட கழிவு. வாங்குகிறவருக்குச் சாதகமான கணக்கு. மில்காரரிடம் போய்ப் பை பற்றிப் பேசினால் அதிகம்தான் கொடுக்க வேண்டிவரும், பேசாமல் இருங்கள்.

4 பிப்ரவரி 2024

அளவு முடிவாகிவிட்டது. முடிவாக இத்தனை நாள் ஆனதற்கு மரம் காரணம் இல்லை.

சாப்பாட்டு மேசை 30 அங்குல உயரம் என்றால் பெஞ்ச் 18 என்பது வழக்கம். ஆளுக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக, மூன்று பேருக்கு 5 அடி நீளம். அகலம் 14, 15 இருந்தால் கடையில் விற்கிற பெஞ்ச் ஆகிவிடும். நானும் அப்படித்தான் வரைந்து அனுப்பினேன்.

அவள் போனில் சொன்னாள்: "அப்பாவுக்கு முழங்கால் வலி, தாழ்வா இருந்தா எழுந்திருக்கக் கஷ்டம். இன்னொண்ணு, உன் ஃப்ரெண்டு எங்க உக்காந்தாலும் சம்மணம் போட்டுத்தான் உக்காருவான், தெரியும்ல?" தெரியும். கல்லூரி கேன்டீன் நாற்காலியிலேயே அப்படி உட்கார்ந்தவன். 14 அங்குலப் பலகையில் சம்மணம் போட்டால் முட்டி இரண்டும் அந்தரத்தில் நிற்கும், முன்னால் கவிழ்வான்.

ஆகவே உயரம் 19, அகலம் 18. மேசையின் மேல்மட்டம் வரை 11 அங்குலம் கிடைக்கிறது, மேசைப் பலகையின் தடிப்பு போனாலும் தொடைக்குப் போதும். கால்களை ஓரத்திலிருந்து அதிகம் உள்ளே தள்ளக் கூடாது, முனையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் மறுமுனை தூக்கும். ஒரு ஜாண் உள்ளே என்று நினைத்திருந்ததை 5 அங்குலமாகக் குறைத்துவிட்டேன்.

கடையில் வாங்கினால் முடிகிற வேலைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்: அந்த ஒரு அங்குல உயரமும் மூன்று அங்குல அகலமும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

11 பிப்ரவரி 2024

இப்போது அசல் சண்டைக்கு வருகிறேன்.

பலகையைக் கால்சட்டத்தோடு அசையாமல் இறுக்கினால் என்ன ஆகும்? மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும், செத்து எத்தனை வருஷம் ஆனாலும். தேக்கு, அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கியது. அதுவே பச்சையிலிருந்து முழுக்கக் காயும் வரை, மரத்தின் வயது வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். ஈரம் ஒரு சதவீதம் இறங்கினால் அகலத்தில் 0.2 சதவீதம் போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இங்கே 13-ல் இருக்கிற பலகை பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் காற்றில் 9 வரைக்கும் இறங்கலாம். நாலு சதவீதம். 18 அங்குலம் என்பது 457 மில்லிமீட்டர். தேக்கின் கணக்கே போட்டாலும் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல்.

இதைக் கேட்டு "மூணு மில்லியா? நூல் அளவு!" என்று சிரிக்க வேண்டாம். மரம் அந்த மூன்று மில்லியை எப்படியும் எடுத்துக்கொள்ளும். நாம் இடம் விட்டால் ஓரத்தில் எடுக்கும். விடாவிட்டால் நடுவில் பிளந்து எடுக்கும்.

தெருமுனைத் தச்சுப்பட்டறை ஆசாரியாரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுசாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு தம்பி இவ்ளோ பெருக்கல்? கதவுப் பலகைய காடியில விடுறோமே, பசை போடுறோமா? அதேதான்" என்றார். அதேதான். பழைய வாசல்கதவுகளைப் பாருங்கள், சட்டம் இறுக்கமாக இருக்கும், நடுப்பலகை காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள், சும்மா மிதந்துகொண்டிருக்கும்.

நான் செய்யப் போவது: சட்டத்தின் உள்பக்கத்தில் காடி. கொக்கி மாதிரி வெட்டிய சின்னச் சின்னக் கட்டைகளின் ஒரு முனை அந்தக் காடிக்குள், மறுமுனை பலகையின் அடியில் திருகோடு. பலகை மேலே எழும்பாது, ஆனால் பக்கவாட்டில் நகர முடியும். நீளச் சட்டங்களில் கட்டையின் முனைக்கும் காடியின் அடிக்கும் நடுவே சந்து விட வேண்டும், அங்கேதான் அசைவு. அகலச் சட்டங்களின் நடுவில் ஒரு திருகை மட்டும் இறுக்கமாகப் போடலாம், அப்போது அசைவு இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும்.

ஆக, திருகு கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

12 பிப்ரவரி 2024

கவனித்துவிட்டார். "கடைசியில் திருகுக்குத்தானே வந்தீர்கள்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். வாழ்க.

25 பிப்ரவரி 2024

இழைப்பு. பலாவில் நார் ஒரே பக்கம் ஓடுவதில்லை. நாலு விரல்கடைக்குள் ஒரு பட்டை இந்தப் பக்கம், அடுத்த பட்டை அந்தப் பக்கம். எந்தத் திசையில் இழைப்புளியைத் தள்ளினாலும் பாதி இடம் வழவழப்பாகவும் பாதி இடம் பிய்ந்துகொண்டும் வரும். பூனையைத் தலையிலிருந்து வாலுக்கும் வாலிலிருந்து தலைக்கும் ஒரே நேரத்தில் தடவுவது போல.

வழி மூன்று. உளித்தகட்டை முடி சிரைக்கிற கூர்மைக்குத் தீட்டுவது. மேல்தகட்டை நுனிக்கு மிக அருகே கொண்டுவந்து, செதிலை மெல்லிசாக எடுப்பது. அதற்கும் மசியாத இடத்தில் சுரண்டுவது. கடையில் எஃகுச் சுரண்டுதகடு கிடைக்கிறது. ஆசாரியார் உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லை எடுத்துக் கொடுத்தார். அதன் புது விளிம்பு தகட்டை விட நன்றாகவே வேலை செய்கிறது, மழுங்கினால் இன்னொரு சில்லு. கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

நிறம் பற்றிச் சொல்ல மறந்தேன். இழைக்கும்போது உள்ளே மஞ்சள், மாங்கொட்டை மஞ்சள் இல்லை, நல்ல கிழங்கு மஞ்சள். சட்டை, கை, தரை எல்லாம் அந்தத் தூள். இந்த மரச்சீவலைக் கொதிக்கவைத்த சாயத்தில் புத்த பிக்குகளின் அங்கிக்குக் காவி ஏற்றுவது பழைய வழக்கம். என் வீட்டில் அவ்வளவு பக்தியோடு அதைப் பார்க்கவில்லை, "துணியை நீயே துவைச்சுக்க" என்று தீர்ப்பு.

ஓரத்தில் வெளிறிய பகுதி கொஞ்சம் இருந்தது. அதை அறுத்துத் தள்ளிவிட்டேன். பார்க்க இரண்டு நிறம் அழகாக இருக்கிறது, விடுங்கள் என்று படம் பார்த்தவர்கள் சொன்னீர்கள். வைரத்தைக் கரையான் தொடாது, வெளிமரத்தை வண்டு விடாது. அழகுக்கு வைத்தால் அடுத்த வருஷம் அடியில் மாவு கொட்டும்.

10 மார்ச் 2024

கால்கள் முடிந்தன. சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, காலில் துளை பொளித்து இறக்கியிருக்கிறேன். ஒரு அங்குலம் தடித்த சட்டத்தில் நாக்கின் தடிப்பு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட.

பசை போடுவதா வேண்டாமா என்பதில் மனம் மாறிக்கொண்டே இருந்தது. போடவில்லை. காலில் ஆணித்துளை ஒன்று, நாக்கில் இன்னொன்று, ஆனால் நாக்கின் துளை ஒன்றரை மில்லி சட்டத்தின் உடல் பக்கமாகத் தள்ளி இருக்கும். மூங்கில் ஆணியை அடித்து இறக்கும்போது அது வளைந்து நாக்கை இழுத்து இறுக்கிவிடும். நம் ஊர் நிலைச்சட்டங்களில் பார்த்திருப்பீர்கள். என்றைக்காவது ஒரு கால் போனால் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு அதை மட்டும் மாற்றலாம். பசை போட்டிருந்தால் அறுக்கத்தான் வேண்டும்.

ஆனால் பலகைக்குப் பசைதான். 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இரண்டு துண்டு, விளிம்போடு விளிம்பு, ஒரு ராத்திரி கவ்வியில். இரண்டும் ஒரே மரம், ஒரே பக்கம் சேர்ந்து அசைகின்றன, அங்கே பசைக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பசைக்காரர் கட்சி இங்கே ஜெயித்தது.

13 மார்ச் 2024

மூங்கில் ஆணி ஏன், மர ஆணி ஏன் இல்லை என்று கேட்டால்: மூங்கில் நார் முழு நீளத்துக்கும் ஓடும், வளைந்தாலும் முறியாது. பச்சை மூங்கில் வேண்டாம். காய்ந்ததைப் பிளந்து சீவ வேண்டும், கடைசல் உருளையாக இருக்கத் தேவையில்லை.

7 ஏப்ரல் 2024

மேல்பூச்சு. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் காயாது. மரத்துக்குள் எண்ணெயாகவே கிடக்கும், தூசியைப் பிடிக்கும், நாளாக நாளாகச் சிக்கு வாடை. நல்லெண்ணெய் அரைகுறையாகக் காயும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப் பட்டு இறுகும். டர்பன்டைன் கலந்து முதல் பூச்சு, பிறகு நாலைந்து நாள் இடைவெளி விட்டு மெல்லிசாக இன்னும் இரண்டு. கடைசியில் தேன்மெழுகு. பளபளப்பு வேண்டுமானால் பியூ (பாலியூரித்தேன் வார்னிஷ்) அடிக்கலாம், ஆனால் சூடான பாத்திரம் வைத்து வெள்ளைத் தடம் விழுந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. எண்ணெய்ப் பூச்சை அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுவிட்டு மறுபடி தடவிவிடலாம்.

இதைக் கொட்டை எழுத்தில் படியுங்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கதை இல்லை. வெளியே கொடியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

கால்களின் அடிப்பக்கத்துக்கு மட்டும் மெழுகை உருக்கி நன்றாக ஊறவிட்டேன். தினம் தரை துடைக்கிற வீடு. வெட்டுமுனை வழியாகத்தான் தண்ணீர் ஏறும்.

12 மே 2024

கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. காரின் பின்சீட்டை மடித்து, பலகை தனியாக, கால்சட்டம் தனியாக. அங்கே போய்க் கொக்கிக் கட்டைகளை மாட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவள் அப்பா முதலில் உட்காரவில்லை. கீழே குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "இது நடுப்பலகை, வேர்ப்பக்கத்தோடது" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், ஒரு முடிச்சைக் காட்டினார்.

எவ்வளவு வாங்கினீர்கள் என்று இங்கே பலருக்கும் ஆவல். காசு வாங்கவில்லை. சும்மாவும் செய்யவில்லை. மீதிப் பலகைகள் என் கூலி என்று ஆரம்பத்திலேயே பேசிவிட்டோம். நண்பர்களுக்குச் செய்யும்போது இதை முதலிலேயே பேசிவிடுவதுதான் நல்லது. "பாத்துக் கொடு", "இருக்கட்டும்" என்று விட்டால் இரண்டு பக்கமும் மனதுக்குள் ஒரு தொகை ஓடிக்கொண்டிருக்கும், அந்த இரண்டு தொகையும் ஒன்றாக இருக்காது.

14 மே 2024

"அப்போ மரத்தை அமுக்கிட்டீங்க" என்று எழுதியவருக்கு: ஆமாம், ரசீதோடு.

20 அக்டோபர் 2024

படம் வந்திருக்கிறது. மஞ்சள் போய்த் தேன் நிறம் ஆகிவிட்டது, இன்னும் கருக்கும். ஒரு மூலையில் மட்டும் கட்டம் கட்டியது போல் மஞ்சள். என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். குழந்தையின் செஸ் பலகை, ஜன்னல் ஓரத்தில் அப்படியே மாதக்கணக்கில். வெளிச்சம் பட்டுத்தான் பலா நிறம் மாறும், மறைத்த இடம் பின்தங்கிவிடும். மறைத்ததை எடுத்துவிட்டால் அதுவும் மெல்ல எட்டிப்பிடித்துவிடும். உப்புத்தாள் போடவா என்று கேட்டார்கள், வேண்டவே வேண்டாம் என்றேன். தேய்த்தால் அந்த இடம் மறுபடி பச்சை மஞ்சளுக்கே போய்விடும்.

9 மார்ச் 2025

நண்பனை ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். அகலம் கிட்டத்தட்ட 3 மில்லி குறைந்திருக்கிறது. கணக்கை விடக் கொஞ்சம் குறைவு, ஆனால் வீட்டு ஸ்கேலில் அளந்தது, அதை வைத்து எதையும் நிரூபிக்க மாட்டேன். பலகையில் வெடிப்பு இல்லை, ஒட்டிய கோடு தெரியவில்லை. ஒரு கொக்கிக் கட்டை மட்டும் லொடலொட என்கிறதாம், திருகை அரைச்சுற்று இறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

யாராவது இதே அளவில் செய்வதாக இருந்தால் ஒரு திருத்தம். நீளம் 5 அடி போடாதீர்கள், 6 போடுங்கள். 18 அங்குல அகலம் கொடுத்ததும் அவன் சம்மணத்தோடு நிற்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் அதிலேயே படுத்துவிடுகிறான், முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்குகிறது. அப்பாவுக்கு உட்கார இடம் இல்லை என்று அவள் புகார். இன்னொன்று செய்து கொடு என்கிறாள், இந்தத் தடவை மரமும் என்னுடையது.